கண்ணைத் திறக்கக் கூடாது

ஒரு நாள் காலையில் தமிழினியின் வலது கண் இமை பூரி மாதிரி உப்பியிருந்தது. முந்தின நாள் அம்மாவின் கண்மையையும் உதட்டுச் சாயத்தையும் எடுத்துக் கண்ணைச் சுற்றி அப்பிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அப்படியே தூங்கிப் போயிருந்தாள். ஏழு வயது. ஏன் கழுவவில்லை என்று கேட்டதற்கு, "நான் பேய்மா. பேய் மூஞ்சி கழுவாது" என்றாள்.

அவளுடைய அம்மா கனகவல்லி இரும்புலியூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, முகத்தில் நாலு கோடு மீசை வரைந்து விட்டால் பூனையாகிக் கத்துவதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். அதனால் மகளைத் திட்டவில்லை. வீக்கம் வற்றியதும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், ஃபேன்சி கடை ஒன்றில் குழந்தைகளுக்கென்றே விற்கும் மேக்கப் பெட்டி ஒன்றை வாங்கினாள். வெறும் தண்ணீர் பட்டாலே போய்விடும் சாயங்கள். சிவப்பில் ஸ்ட்ராபெரி மிட்டாய் வாசனை அடித்தது. அதை முதலில் தன் முழங்கையின் உட்புறத்தில் தடவி, அரிக்கிறதா, தடிக்கிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகுதான் பெட்டி தமிழினியின் கைக்குப் போனது. கண்ணுக்குள் படக் கூடாது, தூங்குவதற்கு முன் கழுவ வேண்டும், இரண்டே நிபந்தனை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் வேறு வேறு ஆட்கள் வந்து போனார்கள். போலீஸ்காரர், கிழவி, கல்யாணப் பெண், பால்காரர். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போய் வந்த வாரம் முழுக்கப் புலி. அப்பா அரிகிருஷ்ணனையும் விடவில்லை. அவர் வேட்டியோடு தரையில் உட்கார்ந்து முகத்தைக் காட்டுவார். மகள் ஆரஞ்சு அப்பி, கறுப்பில் கோடு இழுப்பாள். ஒருமுறை அந்தக் கோடுகளோடேயே தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டு வந்தார். "இன்னா அரி, இது?" என்று யாரோ கேட்டதற்கு உறுமிக் காட்டினாராம்.

அரிகிருஷ்ணன் அந்த ஊரின் பழைய குடும்பம். தாத்தா காலத்து நெல் வயலெல்லாம் பிளாட்டாகி, இப்போது அவருக்கு இரண்டு லாரி. மணலும் ஜல்லியும் ஓட்டினார். மகள்மேல் உயிர். ஆனால் கோபம் வந்தால் கை நீளும். டிரைவரை அடிப்பார், கிளீனரை அடிப்பார், கல்யாணமான புதிதில் கனகவல்லியையும் அடித்திருக்கிறார். தமிழினி பிறந்த பிறகு மனைவி மேல் கை வைத்ததில்லை. அது தீர்ந்து போன விஷயம் என்றே கனகவல்லி நினைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் இடித்து பைக்கில் வந்த ஒருவர் விழுந்து கிடந்தார். கனகவல்லி, தமிழினி, மாடி வீட்டில் குடியிருந்தவர்களின் மகன் விக்கி மூவரும் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். சுற்றி நல்ல கூட்டம். ஆம்புலன்ஸ் வருகிறவரை ஒருவரும் அந்த ஆளைத் தொடவில்லை.

"ஏம்மா யாருமே தூக்கல?"

"பயம். போலீஸ் கேஸாயிடும்னு."

மறுநாளிலிருந்து புது விளையாட்டு. அதன் பெயர் ஆக்சிடெண்டு. ஒருவர் அடிபட்டு விழ வேண்டும், மற்றவர் வந்து தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அடிபட்டவர் என்ன நடந்தாலும் கண்ணைத் திறக்கக் கூடாது. தமிழினி நெற்றியில் சிவப்பு குழைத்து, அது மூக்கோரமாக வழிந்து காதுவரை இறங்குகிற மாதிரி வரைவாள். கண்ணுக்குக் கீழே நீலத்தைத் தேய்த்து அதன்மேல் கொஞ்சம் கறுப்பு. முதல் நாள் அதைப் பார்த்த கனகவல்லி, நிஜ ரத்தமோ என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. ரோட்டில் பார்த்ததைக் குழந்தை தனக்குள் போட்டுப் புதைக்காமல், வெளியே எடுத்து விளையாடித் தீர்க்கிறாள் என்று நினைத்தாள்.

அந்தச் சமயத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், வெளியூர் ஆட்கள், கிட்னிக்காகத் தூக்குகிறார்கள் என்று. எந்தத் தெருவிலும் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. ஆனாலும் எல்லோரும் பேசினார்கள். டீக்கடையில் சில இளைஞர்கள் உருட்டுக்கட்டையே வாங்கி வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை பிற்பகல். கனகவல்லி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தெருமுனையில் அரிகிருஷ்ணனின் லாரிக்கு டயர் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. தெருவின் இந்தக் கோடியில் தமிழினி ரத்தக் கோலத்தில் மண் தரையில் மல்லாந்து கிடந்தாள். விக்கி சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு, "ஆக்சிடெண்டு! ஆம்புலன்ஸ கூப்புடுங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினான். நன்றாகவே நடித்தான்.

அப்போதுதான் உமர் ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் திரும்பினார். மேற்குத் தாம்பரத்துக்காரர், ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்கிறவர். பக்கத்துத் தெருவில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அவருக்கும் வீட்டில் ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. தரையில் கிடந்த முகத்தைப் பார்த்ததும் ஸ்கூட்டரை அப்படியே கீழே போட்டார். டூல்ஸ் பையிலிருந்து ஸ்பேனர்கள் தெருவெல்லாம் சிதறின.

"யா அல்லா! பாப்பா... பாப்பா! தம்பி, பக்கத்துல ஆஸ்பத்திரி எங்கடா?"

விக்கி திகைத்துப் போய் மெயின் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான். உமர் குழந்தையை அள்ளி மார்பில் சாய்த்துக்கொண்டு ஓடினார். தமிழினி கண்ணைத் திறக்கவில்லை. நிஜமாகவே ஒரு பெரிய ஆள் தன் விளையாட்டில் சேர்ந்துகொண்டார் என்றுதான் அவள் நினைத்தாள். இதுவரை அவளை யாரும் இவ்வளவு வேகமாகத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். விக்கி பின்னாலேயே சைரன் ஊதிக்கொண்டு ஓடினான். உமர் அழுதுகொண்டே ஓடுவது தெரிந்ததும் அவன் சைரன் நின்று போனது.

எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் மாடியிலிருந்து பார்த்தாள். தெரியாத ஒரு ஆள் ஓடுகிறான், கையில் குழந்தை, குழந்தையின் முகமெல்லாம் ரத்தம்.

"ஐயையோ! அரி பொண்ண தூக்கினு ஓட்றான்! புடிங்கடா, புடிங்க!"

டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் தெருவில் குறுக்கே வந்து நின்றார்கள். உமர் அவர்களைப் பார்த்ததும் நிம்மதிதான் அடைந்தார். உதவி வந்துவிட்டது என்று நினைத்தார். "வண்டி, ஒரு வண்டி வோணும்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் குழந்தையைப் பிடுங்கினான். இன்னொருவன் உமரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். யாரோ பின்னாலிருந்து முதுகில் எட்டி உதைத்தார்கள். உமர் முழங்கால் தேய விழுந்தார்.

"புள்ள புடிக்க வந்தியாடா?"

"இல்லீங்கணா... அடிபட்டு கெடந்துச்சு..."

உருட்டுக்கட்டை தோளில் விழுந்தது. அடுத்தது கைமுட்டியில். எலும்பு உடைகிற சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அதைக் கேட்டும் ஒருவரும் பின்வாங்கவில்லை. புதிதாக ஆட்கள் ஓடி வந்தார்கள். எதற்கு அடிக்கிறோம் என்று கேட்காமலேயே அடித்தார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றி அடித்தான். ஒருவன் உமரின் விரல்கள் மேல் ஏறி நின்று குதித்தான்.

லாரிப் பக்கமிருந்து அரிகிருஷ்ணன் வீல் ஸ்பேனரோடு ஓடி வந்தார். கூட்டத்தை விலக்கியவர் கண்ணில் முதலில் பட்டது மகளின் முகம். நெற்றியிலிருந்து காதுவரை சிவப்பு. அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனிதர் போடுகிற சத்தமாக இல்லை.

"எம் பொண்ணு மேலயாடா கை வச்ச?"

கனகவல்லி சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிழிந்த ஈரத் துண்டு கையிலிருக்க அப்படியே இறங்கி ஓடி வந்தாள். அவள் தெருவுக்கு வந்தபோது தமிழினி பொன்னியம்மாளின் இடுப்பில் இருந்தாள். பொன்னியம்மாள் குழந்தையின் முகத்தைத் தன் தோளோடு அழுத்திப் பிடித்திருந்தாள். கனகவல்லி மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். ஈரத் துண்டால் நெற்றியை ஒற்றினாள். சிவப்பு மொத்தமும் துண்டோடு வந்துவிட்டது. அடியில் கீறல்கூட இல்லாத நெற்றி. மிட்டாய் வாசனை குப்பென்று அடித்தது.

"வெளாட்டும்மா" என்று தேம்பினாள் தமிழினி. "வெளாட்டுன்னு சொல்லுமா, அடிக்கிறாங்க!"

கனகவல்லி கூட்டத்துக்குள் பாய்ந்தாள். "ரத்தம் இல்ல! அது ரத்தம் இல்ல, மேக்கப்பு! விடுங்க!" அவள் குரல் யார் காதிலும் ஏறவில்லை. யாரோ முழங்கையால் அவள் வாயில் இடித்தார்கள். முதுகுகளுக்கு இடையில் குனிந்து, கால்களுக்கு நடுவே புகுந்து, கீழே சுருண்டு கிடந்த உமரின் மேல் கவிழ்ந்து விழுந்தாள். அவருக்கு விழ வேண்டிய ஒரு உதை அவள் விலாவில் விழுந்தது. மூச்சு நின்று போனது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேலே ஓங்கிய வீல் ஸ்பேனரோடு அவள் கணவர்.

எழுந்து அவர் முகத்தில் துண்டை வைத்து அழுத்தினாள். "மோந்து பாரு! மோந்து பாருய்யா!" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அவள் இப்படி ஒருமையில் பேசியதில்லை.

அரிகிருஷ்ணன் கை தாழ்ந்தது. வீல் ஸ்பேனர் தரையில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் துண்டையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இன்னாபா, மொதல்லயே சொல்லக் கூடாதா" என்று ஒருவன் சொல்லிவிட்டுத் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். கண் மூடித் திறப்பதற்குள் தெரு காலியாகிவிட்டது.

உமரின் முகத்தின் இடது பக்கம் ஒரு உருவமாகவே இல்லை. கனகவல்லி ஆட்டோவை நிறுத்தி, ஆட்டோக்காரரோடு சேர்ந்து அவரைத் தூக்கி உள்ளே கிடத்தி, அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அரிகிருஷ்ணன் வரவில்லை. வழியெல்லாம் உமர் ஒன்றையே முனகினார். "பாப்பாக்கு எப்டி கீது? பாப்பாக்கு எப்டி கீது?"

உயிர் பிழைத்தது. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. விலா எலும்புகளும் கைமுட்டியும் வலது கை விரல்களும் உடைந்திருந்தன.

சப்-இன்ஸ்பெக்டர் தனசிங் தெருவுக்கு வந்து விசாரித்தார். யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. வெளியாட்கள், மெயின் ரோட்டிலிருந்து வந்தவர்கள், அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பொன்னியம்மாள் தனக்குக் கண் சரியாகத் தெரியாது என்றாள். அரிகிருஷ்ணன், "நான் லாரியாண்ட இருந்தேன் சார். ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு" என்றார். தனசிங் கனகவல்லியைப் பார்த்தார்.

"நான் வரும்போது ஒரே கூட்டம் சார். கண்ணுல அடிச்சது யாருன்னு நான் பாக்கல."

அது பொய்யில்லை. அந்த அடி அவள் வருவதற்கு முன்பே விழுந்திருந்தது. ஆனால் ஓங்கிய கையை அவள் பார்த்தாள். அதைச் சொல்லவில்லை.

வீட்டில் அரிகிருஷ்ணன் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "எம் பொண்ணு செத்துட்டாள்னு நெனச்சேன். அந்த எடத்துல நீயா இருந்தா இன்னா பண்ணிருப்ப?" என்று ஒருமுறை கேட்டார். அவள் யோசித்தாள். அவளுக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அவர் மேக்கப் பெட்டியை எடுத்து வாசலில் போட்டு, குதிகாலால் மிதித்து நொறுக்கினார். "எல்லாம் இதால வந்த வெனை." தமிழினி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்போது ஓயாமல் முகம் கழுவிக்கொண்டிருந்த சமயம். சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து நெற்றித் தோல் வெடித்திருந்தது. கையைப் பிடித்தால் உதறிக்கொண்டு மறுபடியும் குழாயடிக்குப் போவாள்.

"நான் கண்ணத் தொறந்திருந்தா அடிச்சிருக்க மாட்டாங்க இல்லம்மா?"

"இல்லடா. அடிச்சவங்க பண்ணது தப்பு. நீ ஒண்ணும் பண்ணல."

அடித்தவர்கள் என்று அவள் யாரோ பெயர் தெரியாதவர்களைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிபன் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் உமரின் மனைவி சாஜிதா நின்றிருந்தாள். யார், என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் முகம் இறுகியது.

"ஆட்டோல கொண்டாந்து சேத்தது நீங்கதானா. சரி. யாரு அடிச்சாங்க?"

"கூட்டமா... நெறய பேரு..."

"கூட்டத்துக்குக் கண்ணக் குத்தற கை ஏதுங்க? ஒருத்தன் கைதான? யாரு கை?"

கனகவல்லி கீழே பார்த்தாள். சாஜிதா டிபன் கேரியரை ஒரு தட்டுத் தட்டினாள். சோறும் குழம்பும் வராந்தாவில் சிதறின. அவள் கனகவல்லியின் தோளைப் பிடித்துச் சுவரோடு தள்ளினாள். "உங்க பொண்ணுன்னு நெனச்சா தூக்கினாரு? எம் பொண்ணு மாரின்னுதான தூக்கினாரு? போங்க. சோத்த எடுத்துனு இனிமே வராதீங்க."

அடுத்த வாரம் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த கனகவல்லி, மாடியில் பிள்ளைகளின் சத்தம் கேட்டு ஏறிப் போனாள். தமிழினி மறுபடியும் விளையாடுகிறாள் என்று முதலில் மனசு இளகியது. படியின் கடைசி வளைவில் நின்றுவிட்டாள்.

விக்கி தரையில் சுருண்டு கிடந்தான். செங்கல்லைத் தேய்த்துத் தண்ணீரில் குழைத்து அவன் முகத்தின் இடது பக்கம் அப்பியிருந்தார்கள். தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் சுற்றி நின்று உதைப்பதுபோல் கால்களை வீசிக்கொண்டிருந்தார்கள். தமிழினியின் கையில் பிளாஸ்டிக் கிரிக்கெட் ஸ்டம்பு. மேலுதட்டில் கரியால் அரிகிருஷ்ணனின் மீசை.

"அப்டி இல்ல, தப்பா பண்றீங்க" என்று அவள் எல்லோரையும் நிறுத்தினாள். "நான் 'வெளாட்டுப்பா, வெளாட்டுப்பா'ன்னு கத்துவேன். நீ நானு, நீ கத்து."

ஒரு குட்டிப் பெண் கத்தினாள். "வெளாட்டுப்பா!"

"இப்ப அப்பா என்னைத் திரும்பிப் பாப்பாரு. நல்லா பாப்பாரு." தமிழினி திரும்பி அந்தப் பெண்ணை முறைத்தாள். பிறகு விக்கியின் பக்கம் திரும்பினாள். "அவன் மூஞ்ச கையால மறைச்சிக்குவான். மற, விக்கி. இப்ப அப்பா சொல்லுவாரு..." குரலைத் தடிப்பாக்கினாள். "'அவன் கைய வெலக்குடா.' நீயும் நீயும் கைய இழுங்க. இழுத்துட்டாங்களா? அப்பறம்தான் கண்ணுல."

ஸ்டம்பு இறங்கியது. நடிப்புக்காக ஓங்கிய கை காற்றில் நிற்கவில்லை. விக்கியின் வாயில் பட்டு உதடு கிழிந்தது. அவன் அலறினான். தமிழினி மறுபடியும் ஓங்கினாள், மறுபடியும் இறக்கினாள். பிள்ளைகள் கையை விட்டு ஓடினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துக்கொண்டேயிருந்தாள். கனகவல்லி ஓடி வந்து ஸ்டம்பைப் பிடுங்க வேண்டியிருந்தது. அந்த ஏழு வயதுக் கையை விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"அப்பா உன்னப் பாத்தாரா? நெஜமா பாத்தாரா?"

"பாத்தாரு. நான் கண்ணத் தொறந்து கத்திட்டேன்மா. பாத்துட்டுதான் அடிச்சாரு." சொல்லிவிட்டு அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கரி மீசை புடவையில் ஈஷிக்கொண்டது.

விக்கியின் உதட்டைக் கழுவி, அவன் அம்மாவிடம் கொண்டு போய் விட்டு, கனகவல்லி கூடத்துக்கு வந்தாள். அரிகிருஷ்ணன் அப்போதுதான் லாரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாப்பா வெளாட்டுன்னு கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். மாட்டியது நழுவி விழுந்தது. எடுத்து மறுபடியும் மாட்டினார்.

"கேட்டீங்களா, இல்லியா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"ஓங்கிட்டேன். அம்மாம் பேரு பாத்துகினு இருக்காங்க. ஓங்கின கைய எப்டி எறக்கறது?" நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தாளு மொகத்தப் பாத்தா எனக்கு இன்னும் ஆத்திரம் வந்துச்சு. ஏன்னு கேக்காத. தெர்ல."

"கைய வெலக்கச் சொன்னீங்க."

அவர் குனிந்து காலில் ஒட்டியிருந்த ஜல்லித் தூசியைத் தட்டினார்.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

கதவருகில் அவளைப் பிடித்தார். கொண்டையைப் பற்றி இழுத்து, நெற்றியைக் கதவு நிலையில் மோதினார். "புருஷன ஜெயிலுக்கு அனுப்புவியாடி?" இரண்டாவது முறை மோதியபோது அவள் கண்ணுக்குள் இருட்டியது. கீழே விழுந்தவளின் வயிற்றில் உதைத்தார். தமிழினி ஓடி வந்து அவர் காலைக் கட்டிப் பிடித்துத் தொடையைக் கடித்தாள். அவர் உதறினார். குழந்தை உருண்டு போய்ச் சுவரில் இடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில்தான் அவர் நின்றார். மகளை நோக்கி ஒரு அடி வைத்தார். அவள் முகத்தை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டாள்.

அரிகிருஷ்ணன் அங்கேயே நின்றார். அதற்கு மேல் நகரவில்லை. கனகவல்லி எழுந்து மகளைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டித்தான் வெளியே போனாள்.

ஸ்டேஷனில் தனசிங் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். "நல்லா யோசிச்சிக்கங்கம்மா. சொல்லிட்டா சொன்னதுதான். அப்புறம் வந்து மாத்திச் சொன்னா நல்லாருக்காது."

"யோசிச்சு யோசிச்சுதான் சார் இவ்ளோ நாள் ஆயிடுச்சு. எம் புருஷன்தான் அடிச்சாரு. என்கிட்ட அவரே ஒத்துக்கிட்டாரு. பாப்பாவக் கேக்காதீங்க. நான் சொல்றேன்." ஒரு பெண் காவலர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

அரிகிருஷ்ணனைக் கைது செய்தார்கள். உருட்டுக்கட்டையோடு நின்றவர்களில் மூன்று பேரும் பிடிபட்டார்கள். அவர் ஜாமீனில் வந்த பிறகு, அவருடைய அண்ணன் தம்பிகள் கனகவல்லியின் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் வீசினார்கள். அலமாரிக் கண்ணாடியைக் கல்லால் அடித்து உடைத்தார்கள். முன்பு அண்ணி அண்ணி என்று கூப்பிட்டவன், அவள் காலருகே காறித் துப்பினான். அவள் சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். வேறு நர்சரியில் வேலை கிடைத்தது.

வழக்கு இழுத்தது. பொன்னியம்மாள் ஒரு நாள் சிட்லபாக்கம் வரை தேடிக்கொண்டு வந்து, "நான்தான கத்தினேன். நானே வந்து சொல்றேன். எனக்குத் தூக்கமே வர்லடி" என்றாள். சொன்னபடி கோர்ட்டில் வந்து சொன்னாள். உமர் கூண்டில் ஏறி, மிச்சமிருந்த கண்ணால் அரிகிருஷ்ணனைப் பார்த்து, "இவருதான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அரிகிருஷ்ணன் கடைசிவரை குற்றத்தை மறுத்தார்.

கோர்ட் வராந்தாவில்தான் கனகவல்லி உமரிடம் முதல்முறை பேசினாள். தமிழினி அவள் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். சாஜிதா அருகிலேயே இருந்தாள். முன்பிருந்த கோபம் அவளுக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. "இனிமே ரோட்ல எவன் கெடந்தாலும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன் இவருகிட்ட" என்றாள். கனகவல்லி உமரின் பக்கம் திரும்பினாள்.

"வேலையெல்லாம் எப்படிப் போவுது?"

"வெரலு மடங்க மாட்டேங்குது மேடம். ஸ்க்ரூவு புடிக்கத்தான் கஷ்டம். தம்பி கூட இருக்கான்." கொஞ்சம் தயங்கினார். "அதவிட எம் பொண்ணுதான். தபஸ்ஸும். இந்த மூஞ்சப் பாத்து பயந்துகினு கிட்டவே வர்ல. ரொம்ப நாளு. தூக்கப் போனாலே வீல்னு கத்தும்."

கனகவல்லி தன் பின்னால் நின்ற மகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அப்புறம் மார்க்கெட்டுல போய் அந்தப் பொட்டி ஒண்ணு வாங்கினேன். உங்க பாப்பா வச்சிருந்திச்சே, அதே மாரி. தண்ணில போயிடுமான்னு கடைக்காரர்கிட்ட கேட்டுகினேன்." அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று புரிய நேரமானது. "கண்ண மூடிகினு படுத்துட்டேன். எதுனா வரைஞ்சிக்கோன்னு சொல்லிட்டேன். மொத நாள் தூரமாவே நின்னுச்சு. மறுநாள் வந்து இந்தக் குழியில பூவு வரைஞ்சிச்சு. இப்ப தெனமும் வரையுது. நேத்து நான் யானை."

"தும்பிக்க எங்க வரைஞ்சா?"

கேட்டது தமிழினி. புடவைக்குப் பின்னாலிருந்து தலை மட்டும் வெளியே வந்திருந்தது. உமர் குனிந்து, மூக்கிலிருந்து தாடை வழியாகக் கழுத்துவரை மடங்காத விரலால் கோடு இழுத்துக் காட்டினார். தமிழினி அந்தக் கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். சாஜிதா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தீர்ப்பு வந்தது. நால்வருக்கும் சிறைத் தண்டனை, அரிகிருஷ்ணனுக்குத்தான் அதிகம். போலீஸ்காரர்கள் அவரை வேனுக்கு அழைத்துப் போனார்கள். முடி நரைத்திருந்தது. கனகவல்லியை அவர் பார்க்கவில்லை. படிக்கட்டில் ஒரு கணம் நின்று மகளைப் பார்த்தார்.

"சாப்டியாமா?" என்று கேட்டார்.

தமிழினி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இட்லி" என்றாள் தமிழினி.

அவர் தலையை ஆட்டினார். பின்னாலிருந்த போலீஸ்காரர் முதுகில் கை வைக்க, குனிந்து வேனுக்குள் ஏறினார். வேன் கேட்டைத் தாண்டி ரோட்டு நெரிசலில் கலந்தது. கனகவல்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.